ஒன்பது இருபத்திரண்டு

வைஜயந்தி மாமி சொல்லும் நேரத்தோடு இரண்டு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், இந்தக் கதைக்கு அது வேண்டும்.

மாமி பதினாலு வருஷமாக யாத்திரை பஸ் நடத்துகிறாள். முதல் வருஷம் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு என்று நோட்டீஸ் போட்டாள். ஏழரைக்கு வந்தார்கள். அடுத்த தடவை ஐந்து என்று போட்டாள். ஐந்து என்றால் இவள் மனசில் ஆறு, ஆறு என்றால் நமக்கு ஏழரை என்று ஜனங்கள் கணக்குப் போட்டு, ஏழரைக்கே வந்தார்கள். மாமி நாலு என்று போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் இழுத்ததில், கடைசியில் விஷயம் இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றது. நோட்டீஸில் நாலு என்றால் ஆறு. வழியில் காப்பிக்குப் பத்து நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம். இதில் ஏமாந்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பொய்யை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

ஒருவர் மட்டும் ஏமாந்தார். வடக்கு உத்திர வீதி அழகியமணவாளன் மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. நோட்டீஸில் நாலு என்றால் மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு மடக்கு நாற்காலியோடு ராஜகோபுரத்தின் கீழே வந்து நிற்பார். நாற்காலியை விரித்து உட்காருவார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "ஏன் மாமா இப்பவே வந்துட்டேள்?" என்று கேட்டால், "போட்டிருக்காளே" என்பார். அவ்வளவுதான். பதிமூன்று வருஷம் இப்படி உட்கார்ந்தார்.

மாமியின் பஸ்ஸுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது யாரையும் விட்டுவிட்டுப் போனதே கிடையாது. திருக்கோவிலூரில் செருப்பைத் தேடிப் போன ஒருவருக்காக ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது. அதனால் யாரும் அவசரப்படுவதில்லை. டிரைவர் அழகிரி துவாக்குடிக்காரர். ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் ஹாரன் அடிப்பார். அதைக் கேட்டுக்கொண்டே வளையல் பார்ப்பார்கள்.

இந்தத் தை அமாவாசைக்குப் பூம்புகார். கடலில் ஸ்நானம், கரையில் தர்ப்பணம். நாலு மாநிலம் சுற்றி வந்த மாமி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. எதிர்வீட்டு கோதாவிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, முதல் தடவையாக மாமி இல்லாமல் பஸ் போனது.

காலை ஏழு மணிக்கு கோதா போன் பண்ணினாள்.

"வந்து சேர்ந்துட்டோம் மாமி. முப்பத்தெட்டு பேரும் இருக்கா. எல்லாரும் கடல்ல இறங்கியாச்சு."

"அழகியமணவாளன் மாமா பாவம், இந்தப் பனில உக்காந்திருந்தாரா?"

"இல்லையே. நீங்க ஒரு மணின்னு போட்டிருந்தேளோல்லியோ, எல்லாரையும் போல மூணுக்குத்தான் வந்தார். நாற்காலியும் கொண்டுவரலை. கேட்டா, 'நானும் கத்துண்டேன்'ங்கறார்."

மாமி போனை வைத்தாள். எதனாலோ கால் கொஞ்சம் அதிகமாக வலித்தது.

ஏழே முக்காலுக்குத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். நிக்கோபார் பக்கம் கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம். தமிழகக் கடலோரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை. பூம்புகார்ப் பக்கம் முதல் அலை ஒன்பது இருபத்திரண்டுக்கு வரலாம், கரையில் இருப்பவர்கள் உடனே விலக வேண்டும்.

மாமிக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'இவர்களும் நம்மைப் போல நேரத்தை முன்னால் தள்ளிச் சொல்கிறார்களோ' என்றுதான் தோன்றியது. ஊர் ஜனங்களைக் கிளப்புவது லேசில்லை, ஒன்பது என்று சொன்னால்தான் பதினொன்றுக்கு எழுந்திருப்பார்கள் என்று யாரோ ஒரு புத்திசாலி அங்கேயும் உட்கார்ந்திருக்கலாம். தொழில் தெரிந்தவள் அல்லவா, சந்தேகம் வரத்தான் செய்யும்.

பிறகு அந்த இருபத்திரண்டைப் பார்த்தாள். தள்ளிச் சொல்கிறவர்கள் ஒன்பது என்பார்கள், ஒன்பதரை என்பார்கள். இருபத்திரண்டு என்று சொல்ல மாட்டார்கள். பதினாலு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட இருபத்திரண்டு என்று சொன்னதில்லை.

மாமி போனை எடுத்தாள்.

"கோதா, உடனே எல்லாரையும் பஸ்ல ஏத்து. சுனாமி வரதாம். ஒன்பது இருபத்திரண்டுக்கு."

"இங்கேயும் இப்பதான் எல்லார் போனும் ஒண்ணா அலறித்து மாமி. போன தடவை சோதனைன்னு அலறித்தே, அதே சத்தம். எல்லாரும் அமுக்கிட்டு உள்ள வச்சுண்டா. அந்தப் பக்கம் போலீஸ்காரா மைக்ல சொல்லிண்டு வரா, இன்னும் இங்க வந்து சேரலை."

"நீ சொல்லுடி!"

கோதா சொன்னாள். ஆனால் அவளும் நம் ஊர்தானே, "ஒன்பது, ஒன்பதரைக்கு அலை வரதாம், மாமி கிளம்பச் சொல்றா" என்றாள். அதைக் கேட்டதும் அலறிப் புடைத்துக்கொண்டு எல்லோரும் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உப்பிலியபுரத்திலிருந்து புருஷனோடு வந்திருந்த விஜயராணி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே கணக்குப் போட்டாள்.

"அம்மா ஒன்பதரைன்னு சொன்னா பதினொன்னரைங்க. இன்னும் மூணு முழுக்குப் போட்டுட்டு இட்லியும் சாப்பிட்டுட்டே போகலாம்."

"சுனாமிக்கும் அதே கணக்காடி?" என்றார் அவள் புருஷன் ராமர்.

"சொல்றவங்க அதே ஆளுதானே?"

இதில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. கோதா இதை அப்படியே மாமிக்குச் சொன்னாள். மணி எட்டு பத்து.

மாமி கணக்குப் போட்டாள். ஈரப் புடவை மாற்ற நாற்பது நிமிஷம். ஆள் எண்ண இருபத்தைந்து நிமிஷம், அதில் இரண்டு தடவை முப்பத்தேழு என்று வரும். கடலை விட்டு விலகி உள்ளே போகக் கால் மணி. கூட்டிப் பார்த்தால் ஒன்பதரை. அலை எட்டு நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும்.

அழகிரிக்குப் போன் போட்டாள்.

"அழகிரி, வண்டிய எடுங்க."

"ஹாரன் அடிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்."

"ஹாரன் வேண்டாம். அத யாரு மதிக்கறா? வண்டிய நகத்துங்க."

"ஆளுங்க ஏறலியேம்மா. பதினோரு பேருதான் இருக்காங்க."

"தெரியும். அவங்க பாக்கற மாதிரி, மெதுவா, நகத்திண்டே போங்க."

"விட்டுட்டா?" அழகிரியின் குரல் இறங்கிவிட்டது. "பதினாலு வருஷத்துல நாம ஒருத்தரையும் விட்டுட்டுப் போனதில்லையேம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

அழகிரி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வண்டி நகர்ந்தது. ஹாரன் இல்லை. முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு கடலுக்குள்ளிருந்து யாரோ திரும்பிப் பார்த்தார்கள். யாத்திரை பஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் இல்லாமல் அது போவதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு உலகத்தில் ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

ஓடினார்கள். ஈரப் புடவையோடு, ஒற்றைச் செருப்போடு, பாதி இட்டுக்கொண்ட திருமண்ணோடு ஓடினார்கள். விஜயராணி டிபன் கேரியரை மணலிலேயே விட்டுவிட்டு ஓடினாள். ராமர் அவளையும் முந்திக்கொண்டு ஓடினார், அதை அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். இருநூறு அடிக்குள் முப்பத்தேழு பேர் ஏறிவிட்டார்கள். கோதா எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். இந்தத் தடவை முப்பத்தேழு என்பது நிஜமாகவே முப்பத்தேழு.

அழகியமணவாளன் மாமா மணலில் உட்கார்ந்து தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தார். பஸ் போனதைப் பார்த்தார். பஸ் போனால் திரும்பி வரும் என்று இருந்துவிட்டார். கோதா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கித் திரும்பி ஓடினாள். போனைச் சத்தமாக வைத்து அவர் பக்கத்தில் நீட்டினாள். மணி எட்டே முக்கால்.

"மாமா, நான் வைஜயந்தி. எழுந்திருங்கோ. அலை வரது."

"பாதிதான் ஆயிருக்கு. எப்போ வரது?"

"ஒன்பது இருபத்திரண்டுக்கு."

மாமா யோசித்தார். "அப்போ பதினொண்ணு இருபத்திரண்டுக்கு. நேரம் இருக்கு."

ஸ்ரீரங்கத்தில் மாமி மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"மாமா, பதிமூணு வருஷமா உங்களுக்கு நான் பொய் சொல்லிண்டு வந்தேன். மத்தவாளுக்கெல்லாம் அது பொய்ன்னு தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க நாற்காலியப் போட்டுண்டு உக்காந்திருக்கறத ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கேன். பனில பாத்திருக்கேன், மழைல பாத்திருக்கேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவேளோன்னு பயம்."

அலைச் சத்தம் மட்டும் போனில் கேட்டது. மாமிக்கு அது ரொம்பப் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது.

"இது நான் போட்ட நேரம் இல்லை மாமா. நான் என்னிக்காவது இருபத்திரண்டுன்னு போட்டிருக்கேனா?"

மாமா நினைத்துப் பார்த்தார். நேர்மையான மனுஷர், நிஜமாகவே பதினாலு வருஷத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கோதாவுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

"இல்லை," என்றார். "நீ முழு மணிக்காரி. அரை மணிகூடப் போட்டதில்லை. இது டைம்டேபிள் போடறவா சொல்ற நேரம்னா இருக்கு."

"ஆமாம் மாமா."

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

தர்ப்பையையும் எள்ளையும் துண்டில் முடிந்துகொண்டு, சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நடந்தார். ஓடவில்லை. நேரம் தெரிந்தவர் ஓட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. கோதா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஏறினார்கள். ஒன்பது பத்துக்கெல்லாம் பஸ் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. பக்கத்து வாய்க்காலில் இறங்கி மாமா மீதித் தர்ப்பணத்தை முடித்தார்.

ஒன்பது இருபத்திரண்டுக்கு ஒன்றும் வரவில்லை. மாமி தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார மறந்துவிட்டாள். ஒன்பது முப்பத்தொன்றுக்குக் கடல் ஒரு சாண் உயர்ந்து இறங்கியது என்றார்கள். பதினொரு மணி வாக்கில் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். மாமி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பஸ் நேராக மாமி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. விஜயராணி டிபன் கேரியரைக் கொண்டுவந்து மாமியின் முன்னால் சாட்சி மாதிரி வைத்தாள்.

"திரும்பப் போய்ப் பாத்தா விட்ட இடத்துலயே இருந்துச்சுங்கம்மா. தண்ணி பதினஞ்சு அடிக்குக் கிட்டகூட வரல. இட்லிதான் ஊசிப்போச்சு."

"ஓடின ஓட்டத்துல எனக்கு மூச்சே நின்னுடுத்து," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "சுனாமி வந்தாகூட அவ்வளவு ஆயிருக்காது."

"அம்மாவுக்கு நம்மள ஓடவிட்டுப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை," என்றார் ராமர்.

மாமி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினாள்.

அழகியமணவாளன் மாமா கடைசியாக உள்ளே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்பது இருபத்திரண்டுன்னா. ஒன்பது முப்பத்தொண்ணுக்கு வந்தது," என்றார். "ஒன்பது நிமிஷம் லேட். ஆயிரம் மைல் தாண்டி வரது. ஒன்பது நிமிஷமெல்லாம் எங்க கணக்குல ரைட் டைம்."

கேரியரை விஜயராணி எடுத்துக்கொண்டாள்.

மாசி மகத்துக்கும் அதே பூம்புகார்தான். மாமி புது நோட்டீஸ் அடித்தாள். புறப்பாடு, விடியற்காலை 4.43. நோட்டீஸ் போன அன்றைக்கே போன்கள் வந்தன.

"மாமி, இது உங்க டைமா, சுனாமி டைமா?"

"சுனாமி டைம்," என்றாள் மாமி எல்லோருக்கும்.

மகத்தன்று கையில் கோலோடு மாமி ராஜகோபுரத்தடிக்கு வந்தபோது மணி நாலரை. முப்பத்தெட்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். விஜயராணியும் ராமரும் உப்பிலியபுரத்திலிருந்து முந்தின நாளே வந்து தங்கிவிட்டார்களாம். அழகியமணவாளன் மாமா முன்னால் நின்றார், கக்கத்தில் நாற்காலி. மாமி அந்த நாற்காலியைப் பார்த்தாள். மாமியின் கண் நிறைந்துவிட்டது, பனி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

நாலு நாற்பத்துமூன்று ஆயிற்று. பஸ் இல்லை.

மாமி அழகிரிக்குப் போன் போட்டாள்.

"குளிச்சிட்டு இருக்கேம்மா," என்றார் அழகிரி, துவாக்குடியிலிருந்து. "4.43ன்னா 6.43தானே?"

மாமி போனை மடியில் சொருகிக்கொண்டாள். முப்பத்தெட்டு முகமும் அவளையே பார்த்தன.

"பத்து நிமிஷத்துல வந்துடுவார்," என்றாள்.

அழகியமணவாளன் மாமா நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.