வள்ளக் கூலி

ஐந்து உயிருக்கு ஒரு சோடிக் காப்பு. ஆளுக்குப் பிரித்தால் அரைக் காப்புக்கும் குறைவு. கைக்குழந்தையைக் கழித்துவிட்டால் சரியாக அரை. இந்த வகுத்தலை றிஸானா பதினொரு வயதில், அலையில் ஆடிக்கொண்டிருந்த வள்ளத்துக்குள் இருந்தபடி போட்டாள். முப்பத்தைந்து வருடம் கழித்து, வாப்பாவின் மையத்தைப் போர்த்தும் கஃபன் துணிக்குச் சாம்பிராணிப் புகை பிடித்துக்கொண்டிருந்த இன்றைக்கும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தாள். விடை மாறவில்லை.

தம்பி ஃபைஸல் வாசற்படியில் வந்து நின்றான்.

"ராத்தா, இன்னாசிப்பிள்ளை வந்திரிக்கார். கேற்றடியில நிக்கார். வாப்பாட முகத்தப் பாக்கோணுமாம்."

துணியை விரித்திருந்த கை அப்படியே நின்றது. புகை தன்பாட்டுக்கு மேலே போனது.

"யாரு சொன்ன அவருக்கு?"

"உம்மாதான் விடியவே கோல் எடுக்கச் சொன்னா. வாப்பாட ஃபோன்ல நம்பர் இருந்திச்சி. 'வள்ளம்' எண்டு போட்டிருந்தார். பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் கதைப்பாங்களாம்."

வாப்பாவின் ஃபோனில் அந்த மனிதருடைய நம்பர். றிஸானா அதை முதலில் விழுங்க வேண்டியிருந்தது.

மதுரங்குளிச் சந்தியில் கருவாட்டுக் கடை ஜபார் முதலாளி என்றால் தெரியாத லொறிக்காரன் இல்லை. மன்னாரிலிருந்து கட்டிய துணியோடு வந்து, ஒரு சாக்கு நெத்தலியில் தொடங்கி, கடையும் வீடும் கட்டியவர். முந்தநாள் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுகூட, வாசலில் இளநீர்க்காரனிடம் மூச்சிழுத்துக்கொண்டே பத்து ரூபாய் குறைத்த பிறகுதான் உள்ளே போனார். இன்று விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது மௌத்தானார். பின்னேரம் அஸர் தொழுததும் அடக்கம்.

வாப்பாவிடம் இரண்டு வினோதங்கள் இருந்தன. ஒன்று, கடையில் ஆயிரம் கிலோ கட்டாக் கருவாடு விற்பார், ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். கேட்டால், "விக்கிறவன் தின்னத் தொடங்கினா கடை மிஞ்சாது" என்று சிரிப்பார். மற்றது, யாராவது 'அகதி' என்று சொல்லிவிட்டால் போதும், தராசைக் கீழே வைத்துவிடுவார். நிவாரண அரிசிக்குப் பதிய வந்த அதிகாரியிடமே சொல்லியிருக்கிறார்: "நாங்க சும்மா ஏறி வந்த சனமில்ல தம்பி. கூலி குடுத்து வந்த ஆக்கள்."

அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் றிஸானாவுக்கு நெஞ்சு எரியும். அந்தக் கூலி என்னவென்று கண்ணால் பார்த்தவள் அவள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லி, ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் ஒலிபெருக்கி கத்தியது. நகை எதையும் கொண்டுபோகக் கூடாதென்று கரையில் மூட்டைகளைக் கொட்டிச் சோதித்தார்கள். உம்மாவின் காப்புச் சோடியை வாப்பா ஒரு கட்டாக் கருவாட்டின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருந்தார். துவக்கு வைத்திருந்த பொடியன் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்று கைகாட்டினான். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய காப்பு, வள்ளத்தில் ஏறுமுன்னமே வள்ளக்காரன் இன்னாசிப்பிள்ளையின் மடிக்குப் போனது.

வள்ளம் கொண்டுபோய் இறக்கிய கல்பிட்டியில், தென்னந்தோப்புக் கொட்டிலில் கடைக்குட்டி ஆகிபுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி மருந்துக்கு விற்க உம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. ஆகிப் நாலு மாதத்துப் பிள்ளை. காய்ச்சல் அவனை நெடுநாள் வைத்திருக்கவில்லை.

அதைவிட ஆறாத ஒன்றும் இருந்தது. அதே வள்ளத்தில் பிறகு வந்த சனம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அஸ்ரியாவின் குடும்பம் அப்படி வந்ததுதான். மற்றவர்களைச் சும்மா ஏற்றியவன், எங்களிடம் மட்டும் உரித்துக்கொண்டான் என்பது றிஸானாவின் தீர்ப்பு. அந்த மனிதன் தன் படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே தன் பிள்ளைகளையும் வளர்த்திருந்தாள்.

துணியை மடித்து வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். முற்றத்துக் கதிரைகளில் இருந்த ஆண்கள் விலகி வழிவிட்டார்கள்.

இன்னாசிப்பிள்ளை வெள்ளைச் சாரமும் மடிப்புக் கலையாத சேர்ட்டுமாகக் கேற்றுக்கு வெளியே நின்றார். எழுபதைத் தாண்டியவர். மன்னாரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கழுத்துச் செபமாலையைச் சேர்ட்டுக்குள் தள்ளியிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"மூத்த பிள்ளைதானே? அண்டைக்கு வள்ளத்தில முழுக்கச் சத்தியெடுத்தனீர்."

வாந்தியெடுத்த அந்தக் கதைக்கு அவள் சிரிக்கவில்லை.

"எங்கட உம்மாட காப்பை வாங்கினீங்கதானே?"

கிழவர் ஒரு கணம் வீட்டுக்குள் பார்த்தார். கதவுக்கு அப்பால் வாப்பாவின் மையத்தின் கால்மாடு தெரிந்தது.

"ஓம் பிள்ளை. வாங்கினனான்."

"அந்தக் காப்பு இருந்திருந்தா ஒரு ஊசிக்கு வழியிருந்திருக்கும். எங்கட ஆகிப் இப்பயும் கல்பிட்டியில, கடக்கரைப் பள்ளிவாசல் மையவாடியிலதான் கிடக்கான். உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது என்பது அவர் கேற்றைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. வருடாவருடம் பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் ஃபோனில் பேசிய இரண்டு பேரில், ஒருவர் மற்றவருக்கு இதைச் சொல்லவே இல்லை.

"என்ன செஞ்சீங்க அதை?" என்றாள்.

"வித்து வள்ளத்துக்கு எண்ணெய் அடிச்சன். கரையில சனம் நிண்டது. திரும்பியும் ரெண்டு தரம் போய் ஏத்தினன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நான் ஒண்டும் கேக்க வரேல்ல, பிள்ளை. கூலி வாங்கினவன் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும். கல்பிட்டி வரைக்கும் கொண்டந்தன். இன்னும் கொஞ்சத் தூரம் கிடக்கு. ஒரு தோள் குடுக்க விடுவீரோ?"

றிஸானா திரும்பி உள்ளே போனாள். நின்று பதில் சொல்லியிருந்தால் அது 'இல்லை' என்பதாகத்தான் இருந்திருக்கும்.

விதவைக்குரிய இத்தாவுக்காக வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்த உம்மா மர்ளியா, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அழுது முடித்திருந்த குரல். கடையில் மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கும்போது வருகிற அதே நிதானம் அதில் இருந்தது.

"கேட்டேன். அந்த மனுஷன் இப்பயும் வாங்கினேன் எண்டுதானே சொல்றார்?"

"ஓம். ஒத்துக்கிட்டார்."

"அவர் கேக்கல்ல, மகள். ஒண்டும் வேணாமெண்டார். 'ஏறுங்கோ நானா, பிறகு பாப்பம்' எண்டார். உங்கட வாப்பாதான் தண்ணிக்குள்ள நிண்டுக்கிட்டு, கூலி பேசாம ஏறமாட்டேனெண்டார். ஒரு காப்பெண்டார். வேணாமெண்டார் அவர். ரெண்டு காப்பெண்டார். உங்கட வாப்பாட வாழ்க்கையிலயே விலையக் கூட்டிப் பேசின யாவாரம் அது ஒண்டுதான். கடைசியில மடியில திணிச்சிட்டுத்தான் ஏறினார். நீ வள்ளத்துக்குள்ள சத்தியெடுத்துக்கிட்டுக் கிடந்த."

தட்டில் சாம்பிராணி எரிந்து முடிந்து நெருப்பு மட்டும் கனிந்துகொண்டிருந்தது. றிஸானா சுவரில் சாய்ந்தாள். இத்தனை வருடமும் தவறான வாசலில் நின்று கடன் கேட்டிருக்கிறாள்.

"உம்மா, நீங்க ஏன் சொல்லல்ல?"

"வீடு போச்சு, கடை போச்சு. ஊர்ல எல்லாரும் அகதி எண்ட நேரம், உங்கட வாப்பாட்ட மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். கூலி குடுத்து வந்த ஆக்கள். அதையும் நான் புடுங்கவா?"

"ஆகிபுக்குக் காய்ச்சல்…"

"காய்ச்சல் வந்தது கல்பிட்டிக்கு வந்த பொறகு. அது உங்கட வாப்பாவுக்கு முந்தியே எப்பிடித் தெரியும்?" உம்மா திரையை விலக்கி மகளைப் பார்த்தாள். "தெரிஞ்ச பொறகு, ஒரு துண்டு கட்டாவத் தின்னக் கண்டியா?"

றிஸானா கண்டதில்லை. விக்கிறவன் தின்னக் கூடாது என்று சிரித்த அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. எத்தனை தடவை அந்தப் பகிடிக்கு அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

யன்னலால் முற்றத்தைப் பார்த்தாள். அஸ்ரியாவின் தகப்பன் தலைகுனிந்து இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடன் கூடப்பிறந்த நானாமார் இரண்டு பேர், அப்பால் அவர்களுடைய மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். திரும்பிப் போன அந்த இரண்டு தரத்தில் வந்த சனம். இப்போது எண்ணினால் ஒரு பள்ளிக்கூட வகுப்புக்குக் குறையாது. உம்மாவின் இரண்டு காப்பும் எண்ணெயாகி ஏற்றி வந்தவர்கள். இன்றுவரை ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே, எல்லோரோடும் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆகிபை நினைத்தால் வலித்தது. ஆனாலும், கழுத்தளவு அவமானத்தில் நின்றுகொண்டு விலையைக் கூட்டிப் பேசிய அந்த மனிதனின் மகளாக இருப்பதில் முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றை ஒன்று கழிக்கவில்லை.

குளிப்பாட்டிக் கஃபனிட்டு, மையத்தைத் தோளில் தூக்கிப் போகும் சந்தூக்கில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன், வழக்கப்படி மகன் எழுந்து பேச வேண்டும். ஃபைஸல் இரண்டு தரம் தொண்டையைச் செருமினான்.

"எங்கட வாப்பாவோட யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தா என்னோட கதைங்க. நான் பொறுப்பு. வாப்பா யாரையாவது மனம் நோகச் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க."

"பொருந்திக்கிட்டோம்" என்று முற்றம் ஒரே குரலில் சொன்னது. அதைச் சொல்லாத ஜனாஸா கிடையாது. உள்ளே பெண்களும் முணுமுணுத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் தனியாகக் கேட்டது: "பொருந்திக்கிட்டேன். காப்புக்கும் சேத்து."

பக்கத்தில் நின்ற அஸ்ரியா றிஸானாவின் முகத்தைப் பார்த்தாள். பொருந்திக்கிட்டேன் என்று மகள் இன்னும் சொல்லவில்லை. றிஸானா அவளைத் தாண்டி வாசலுக்குப் போய்த் தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"கேற்றடியில நிக்கிறவரக் கூப்பிடு. சந்தூக்கில முன்பக்கம், வலது கால் அவருக்கு."

"ராத்தா, அது மகன் நிக்கிற இடம்."

"நீ இடதுல புடி. கூலி குடுத்த ஆள் அவர்ட வள்ளத்திலதான் போவார்."

சந்தூக்கு எழும்பியது. கிழவரின் தோள் ஃபைஸலுடையதைவிட ஒரு சாண் தாழ்வு. அதனால் வாப்பா அந்தப் பக்கம் சற்றுச் சரிந்து, காற்றுப் பிடித்த வள்ளம்போலக் கேற்றைத் தாண்டிப் போனார். தெருமுனை திரும்பும்வரை றிஸானா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே நடந்ததை விசாரித்துத்தான் அறிய வேண்டும். ஃபைஸல் திரும்பி வந்து பைப்படியில் காலைக் கழுவும்போது, றிஸானா துவாயோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாரும் மண் போட்டாங்களா?"

"போட்டாங்க. மூணு மூணு பிடி."

"அவர்?"

"ரெண்டு பிடி போட்டார். மூணாவதப் போடல்ல. லேஞ்சுத் துணியில முடிஞ்சிக்கிட்டு, கல்பிட்டி பஸ் எங்க நிக்கிறதெண்டு கேட்டார். கடக்கரைப் பள்ளிக்குப் போறாராம்."

தண்ணீர் அவன் காலிலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. றிஸானா பைப்பை இறுக்கிப் பூட்டினாள்.

"பஸ் காசு குடுத்தியா?"

"நீட்டினேன். வேணாமெண்டுட்டார்."

"எத்தினை தரம் நீட்டின?"

"ஒருக்காத்தான்."

"நீயெல்லாம் வாப்பாட மகன்" என்றாள், துவாயை அவன் தோளில் போட்டபடி.

உள்ளே போய், காலையில் கனிந்து அணைந்த சாம்பிராணித் தட்டை எடுத்துச் சாம்பலைக் கொட்டினாள். தட்டைத் துடைக்கும்போது மனம் பழக்கத்துக்குத் தன்பாட்டில் கணக்குப் போட்டது. மண், மூன்று பிடி. வாப்பாவுக்கு இரண்டு. ஆகிபுக்கு ஒன்று.

பஸ் காசு பாக்கி.