எங்கள் ஊர் விளக்கைக் கடந்த கப்பல்

என் வீட்டுக்காரர் காலமெல்லாம் கப்பலில் சுக்கான் பிடித்தவர். ஆனால் கார் ஓட்டத் தெரியாது. கடலோரச் சாலையில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்ததும், ஸ்டியரிங் என் தலையில்தான் விழுந்தது.

திடீர் ஆசைக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தவரைக் கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது, இன்னும் இரண்டு வருடத்துக்கு. ஊர் திரும்புவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே! போய்விடுவாரோ என்ற பயத்திலேயே வழியெல்லாம் வண்டி ஓட்டினேன்.

முதல் விளக்கத்தின் கீழே இறக்கிவிட்டால், இது அது இல்லை என்கிறார். வாசலில் பெயர்ப்பலகையே இருக்கிறது. அவர் இவற்றையெல்லாம் இருட்டில், கடலிலிருந்து, எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்பதை வைத்துத்தான் அறிவாராம். பட்டப்பகலில், தரைப்பக்கமாக வந்து நின்றதும், ஆளை முதுகைப் பார்த்து அடையாளம் சொல்லச் சொன்ன மாதிரி விழித்தார். இரண்டாவதிலும் இதே கூத்து. டிக்கெட் கொடுப்பவரிடமே வாதாடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒளிப்பானேன், பொறாமையும் வந்தது. என் பிறந்தநாள் ஒருமுறைகூட நினைவிருந்ததில்லை. விளக்கு மின்னும் கணக்கு மட்டும் தலைகீழ்ப் பாடம்.

கடைசியாக எங்கள் ஊர் விளக்கு. பக்கத்திலேயே குடியிருந்தும் நாங்கள் ஒருநாளும் ஏறியதில்லை. மூச்சு வாங்க உச்சிக்கு வந்ததும் கடலைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். அவரோ ஊர்ப்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வீடு எங்க இருக்கு, தெரியுதா?"

அப்புறம்தான் சொன்னார். அவருடைய கப்பல் இந்த வழியாகத்தான் போகுமாம், நிற்காதாம். இந்த விளக்கு கண்ணில் பட்டதும், வேலை நேரமில்லை என்றால், துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அது மறையும்வரை மேல்தளத்தில் நிற்பாராம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்து கரையில நிப்ப. கப்பல் நிக்காதே."

நின்றிருப்பேன்தான். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எத்தனை ராத்திரிகளில் அவர் இந்தப் பக்கமாகக் கடந்து போனாரோ. அவரோ இன்னும் கூரைகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தார், தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று.

"வீட்ல யாரும் இல்லங்க. நான் இங்க நிக்கிறேன்" என்றேன்.

திரும்பினார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார். வரவில்லை என்றார். உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை என்றார். பேசி முடித்ததும் மெல்லக் கடல் பக்கமாகப் போனார். தூரத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை கண்ணெடுக்கவில்லை. பார்க்கட்டும் என்று நானும் கூடவே நின்றேன், கையை மட்டும் விடவில்லை.