டெக்கில் உடைத்த பூசணி

‘சரி அண்ணி’ என்று மட்டும் சொல்லிவிடாதே. இன்றைக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டிவை. அந்த மரப்பலகைகளுக்காகவாவது.

இப்படித் தனக்குள் சொல்லி முடிப்பதற்குள் கலைமதியின் வாய் முந்திக்கொண்டது. “சரி அண்ணி” என்றாள்.

பூங்குழலி கேட்டது ஒரு பெரிய வாளி. கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஏற்கெனவே அவள் கையில் இருந்தன. இரண்டையும் கலந்து ஊற்றினால் எந்தக் கறையும் நிற்காது என்பது அவள் கட்சி.

கறையை உண்டாக்கியவளும் அவள்தான். கலைமதியின் கணவன் நெடுமாறனுக்கு அக்கா. மேல்மலையனூர் கோயில் பக்கம் எலுமிச்சம்பழமும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து வீட்டிலேயே செய்த குங்குமமும் விற்கிறவள். அமாவாசை வியாபாரம் முடிந்த மறுநாள், அதாவது நேற்று மாலை, மீந்த பழங்களோடும் ஒரு பூசணிக்காயோடும் செஞ்சிக்கு வந்து இறங்கினாள். அமாவாசையன்றே திருஷ்டி சுற்றியிருக்க வேண்டும். ஆனால் வியாபாரம் இருந்தால் திருஷ்டி ஒரு நாள் காத்திருக்கும் என்றாள்.

திருஷ்டி டெக்குக்கு. நெடுமாறனும் கலைமதியும் வெளியூர்க்காரர்கள் தங்க மாடியில் நான்கு அறை வைத்திருக்கிறார்கள். அறைகளுக்கு முன்னால், ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தபடி, மரப்பலகை பதித்த திறந்த தளம். அதுதான் டெக். போன வாரம் தங்கியவர்கள் அதைப் படமெடுத்து இணையத்தில் போட, ஏகப்பட்ட பேர் பார்த்துவிட்டார்கள்.

“அத்தினி கண்ணும் எங்க வந்து விழுது? தெருவுலியா? இந்தப் பலகை மேலதான” என்று பூங்குழலி நியாயம் சொல்லி, தெருவில் உடைக்க வேண்டிய பூசணியை டெக்கின் நடுவிலேயே உடைத்தாள். உள்ளே கரைத்து வைத்த குங்குமம் பலகைகளின் மேல் ஓடியது. அப்போதும் கலைமதி சொன்னது ‘சரி அண்ணி’தான்.

அண்ணி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வராது. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் அவளுக்காகப் பேசிய ஒரே ஆள் பூங்குழலி. அந்த நன்றி நாளாக நாளாக வெறும் பழக்கமாகிவிட்டது. இப்போது யோசிக்காமலேயே வாயில் வந்து நிற்கிறது.

ஆனால் டெக் வேறு. விருந்தினர் எழுவதற்கு முன் காபியோடு அவள் வெறுங்காலில் நிற்கும் இடம் அது. அந்த நேரத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். பாதத்துக்கு அடியில் மரம் குளிர்ந்திருக்கும். இன்னதென்று இல்லாமல் ஒரு சந்தோஷம் காலிலிருந்து ஏறும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆசிட் பட்டால் மரம் வெளுத்து நார்நாராகிவிடும். அப்புறம் சிலாம்பு குத்தாமல் அங்கே கால் வைக்க முடியாது.

வாளி எல்லாவற்றிலும் துணி ஊறுகிறது என்று பொய் சொன்னாள். இரண்டும் கலந்தால் கிளம்புகிற புகை மூச்சை அடைத்துவிடும் என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லி, ஆசிட்டை வாங்கிக் கழிவறையில் வைத்துத் தாழ்போட்டாள்.

“எனுக்கு மூச்சு நின்னா இந்த டெக்லியே படுக்க வச்சுடு. காத்தோட்டமா இருக்குது” என்றாள் பூங்குழலி.

இருவரும் உட்கார்ந்தார்கள். இடுக்குகளில் சிக்கிய பூசணி விதைகளைக் கத்தியால் நோண்டப் போனவளிடம் கலைமதி ஈர்க்குச்சியைக் கொடுத்தாள். அவள் எடுத்து வைத்திருந்த கம்பி நாரின் இடத்தில் பழைய துணி துவைக்கும் பிரஷ் வந்து உட்கார்ந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பை நிறைய தண்ணீரில் கரைத்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தார்கள்.

கறை போகவில்லை. மஞ்சளாய்க் கிடந்த ஓரங்களும் சேர்ந்து ரத்தமாய்ச் சிவந்தன.

சத்தம் கேட்டு வந்த நெடுமாறன் அதைப் பார்த்த அதிர்ச்சியில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்து, வழுக்கி, மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாக, உட்கார்ந்தான். எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் சிவப்பு.

“அக்கா, சாயங்காலம் கெஸ்ட்டு வராங்க. இங்க இன்னா கொலையா நடந்துச்சுன்னு கேப்பாங்க” என்றான்.

பூங்குழலி உள்ளே போய்ப் பழப்பையைக் கொண்டுவந்தாள். குங்குமம் செய்கிறவள், மஞ்சள் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதும் புளிப்பு பட்டால் திரும்புவதும் அவளுக்குத் தெரியும். சோப்பும் சுண்ணாம்புக்குச் சொந்தக்காரன்தான் போல என்று முணுமுணுத்தபடி எலுமிச்சையைப் பிழிந்தாள். சிவப்பு கண்ணெதிரே பின்வாங்கி மஞ்சளானது. கலைமதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மூவரும் பழத்துக்குப் பழம் பிழிந்து, நல்ல தண்ணீர் விட்டு அலசினார்கள். மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றாள் பூங்குழலி. பார்த்துக்கொண்டது. மதியத்துக்குள் ஒரு வெளிறிய நிழல்தான் பாக்கி.

ஒன்றே ஒன்று போகவில்லை. டெக்கின் ஓரத்துக் குழாயடியில் மட்டும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை. பூசணி மேலிருந்து உருண்ட கற்பூரம் அங்கே எரிந்து, பலகையை உருக்கி, கறுப்பாய் ஒரு குழி வைத்திருந்தது. அதை எதுவும் எடுக்காது. கலைமதி குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். மரத்தில் விழுந்திருந்தால்?

காபி வந்தது. பூங்குழலி காலை நீட்டி உட்கார்ந்து, தன் வேலையைத் தானே மெச்சியபடி பலகையைத் தடவினாள்.

“அந்தக் குழி அடையாளமா இருக்கட்டும். மாசா மாசம் வந்து இங்கியே உடைச்சுடறேன். பழம் நான் கொண்டாறேன். சரியா மதி?”

கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவளாகக் கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கலைமதியின் நாக்கில் அந்தச் சொல் வந்து நின்றது. அவள் செருப்பைக் கழற்றி, காய்ந்த பலகையில் பாதத்தை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. எதுவும் குத்தவில்லை. அண்ணியின் தம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

“இல்ல அண்ணி” என்றாள், சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில். “பூசணி தெருவுலியே இருக்கட்டும்.”