மேல்கடையின் பாறை

த்ரோதோஸ் மலையில் இருந்த அந்த ஊரில் காப்பிக்கடை இரண்டு. மேல்கடை வலதுசாரிகளுக்கு, கீழ்கடை இடதுசாரிகளுக்கு. மேல்கடையில் குடிக்கிறவன் செத்தாலும் கீழ்கடைக் காப்பியைத் தொடமாட்டான். சைப்ரஸில் இதெல்லாம் அதிசயமே இல்லை.

மேல்கடை பந்தேலிஸ்தான் முக்தார், ஊர்த்தலைவர். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேர்தல். கீழ்கடை ஹம்பிஸ் எதிர்த்து நிற்கிறான். பதவி அந்தப் பயல் கைக்குப் போவதை நினைத்தாலே பந்தேலிஸுக்கு வயிறு எரிந்தது. சாதனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. "நாம மேல இருக்கிறவங்க" என்பதுதான் அவருடைய மொத்தப் பிரசாரமும்.

இந்த நேரம் பார்த்தா நிகோசியாவிலிருந்து பாறை ஆராய்ச்சிக்காரி மிரோஃபோரா வர வேண்டும்? ஊர்ப் பாறையைப் பற்றி அறிவிப்புப் பலகை வைக்க வந்தவள், முதல் காப்பியைக் கீழ்கடையில் குடித்துத் தொலைத்தாள்.

"எங்க பாறை உசத்திதானே டாக்டரம்மா?" என்று பந்தேலிஸ் ஹலூமிப் பாலாடைக்கட்டியை வாட்டி அவள் முன்னால் வைத்தார்.

"இந்த மலையே ஒரு காலத்துல கடலோட தரைதான் ஐயா. தெற்கேருந்து ஆப்பிரிக்காவைத் தாங்குற நிலத்தட்டு நம்ம தீவுக்கு அடியில நுழைஞ்சப்போ மேல கிளம்பிடுச்சு. ஹம்பிஸ் கடை நிக்கிறது அந்தத் தரை மேல. உங்க கடை நிக்கிற பாறை அதுக்கும் அடியில, பூமி வயித்துல கிடந்தது. தண்ணி ஊறி, உப்பி, பிதுங்கி வந்துடுச்சு. மேல மூடியிருந்ததெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு."

"அப்ப அடியில கிடந்தது நாங்களா?"

"அடிக்கும் அடியில."

பந்தேலிஸ் ஹலூமித் தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். "கீழ்கடைக் காப்பி பேசுது! கொஞ்சம் மாத்தி எழுதினா குறைஞ்சா போயிடுவே?"

"பாறை ஒத்துக்கிட்டா எழுதறேன்."

சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது. "என்ன கும்பாரே, என் கூட்டாளி, அடிமட்டமெல்லாம் சௌக்கியமா?" என்று ஹம்பிஸ் நடுத்தெருவில் நின்று கத்தினான்.

பந்தேலிஸ் சளைக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் மேஜைமேல் ஏறிவிட்டார்.

"ஆமாய்யா, அடியிலதான் கிடந்தோம்! யாரு தூக்கிவிட்டா? சர்க்காரா? மந்திரியா? ஒரு பயலும் இல்லை! நாமளே முட்டி மோதி மேல வந்தோம்! கோடிக்கணக்கான வருஷம், எந்தத் தலைவனோட தயவும் இல்லாம!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கீழ்கடை ஆட்கள்கூடத் தட்டினார்கள். ஜெயித்தோம் என்று பந்தேலிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

செர்ரித் தோட்டக்காரி எல்லெங்கு எழுந்தாள். ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்கே ஓட்டுப் போடுகிறவள்.

"மனசு குளிர்ந்துபோச்சு பந்தேலி. முக்தார்னு ஒருத்தன் இல்லாமலே பூமி வயித்துலேருந்து மலை உச்சிக்கு வந்துட்டோம். நீ முக்தாரான பிறகு என் தோட்டம் வரைக்கும் ஒரு ரோடு வரலையே, அது ஏன்ப்பா?"

முதலில் சிரித்தது மேல்கடைக்காரர்கள்தான். மறுநாள் யார் முக்தார் என்று பந்தேலிஸுக்கு மேஜைமேல் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.