பன்னிரண்டாம் கட்டடத்தின் சாவி

தீவை விட்டு ஊர்ப்பக்கம் போக மாற்றல் உத்தரவு வந்து ஒன்பது நாளாகியிருந்தது. கப்பல் சனிக்கிழமை இரண்டு மணிக்கு. ஜெகநாதன் அடித்தட்டில், பங்க் வகுப்பில் இடம் போட்டுவிட்டான். கராச்சர்மாவில் தங்கியிருந்த அறையில் தன் கட்டிலை, வடக்கே திக்லிபூரிலிருந்து வந்த ஓவர்சியர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. பெட்டிக்குக் கயிறும் கட்டியாயிற்று. பெட்டிக்குள் மேலாக ஒரு கிலுகிலுப்பை, சிப்பி கோத்தது. பிள்ளை பிறந்து பதினான்கு மாதம். மனைவி ருக்கு ஊரிலிருந்து அனுப்பிய ஒரே போட்டோவிலும் அது தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை தலைமை எழுத்தர் பழனிசாமி அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று அவர் தரவேண்டும். அது இல்லாமல் யாரும் கப்பலேற முடியாது. நாற்காலி, மேஜை, அளவுச் சங்கிலி எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று மட்டும் அவன் பேரில் நின்றது. ஒரு கட்டடம்.

ஜெகநாதன் அந்த அலுவலகத்தில் கடைசிப்படி. ஊரமைப்பு உதவியாளன். சாலை எங்கே போகவேண்டும், சாக்கடை எங்கே விழவேண்டும், பஜாரை எந்த மேட்டுக்குத் தள்ளவேண்டும் என்று படத்தில் கோடு போடுவது வேலை. அதோடு, இடிக்கக்கூடாத பழைய கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கடைசியாக வந்தவன் தலையில் கட்டினார்கள்.

கட்டடத்துக்கு ஒரு படிவம். படிவத்தில் ஏழு பத்தி. ஏழாவது, பொறுப்பாளர். ஒரு பத்தி காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வரும். தபால் கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டும். மூன்று மாதம் போய்விடும்.

பதினொரு கட்டடங்களுக்கு ஏதாவது ஒரு இலாகா சொந்தம் கொண்டாடியது. பன்னிரண்டாவதுக்கு நாதியில்லை. துறைமுகத்துக்கு மேலே, கைதிகள் படுக்கக் கட்டிய நீள பாரக். பின்னால் கயிறு வைத்தார்கள். ஜப்பான்காரன் அரிசி வைத்தான். அப்புறம் பூட்டிவிட்டார்கள். கைதிக் குடியிருப்பைக் கலைத்தபோது மற்றதெல்லாம் பங்கு பிரிந்தது, இது மட்டும் யார் கணக்கிலும் ஏறவில்லை.

படிவம் போகவேண்டிய அன்று தபால்பை பன்னிரண்டுக்குக் கட்டுவார்கள். மணி பதினொன்றரை. ஜெகநாதன் ஏழாவது பத்தியில் தன் பெயரை எழுதினான்.

"பதவியை எழுதியிருந்தா நாற்காலியோட போயிருக்கும். அடுத்து வர்றவன் தலையெழுத்து. நீங்க பேரை எழுதிட்டீங்க. பேர் ஆளோடதான் போகும்" என்றார் பழனிசாமி. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "கட்டினவ திருச்சில இருக்கா. இங்க இது ரெண்டாவது சம்சாரம். வாங்கிக்கிட்டேன்னு யாராவது கையெழுத்துப் போட்டா நீங்க போகலாம் தம்பி."

செவ்வாயும் புதனும் ஜெகநாதன் சாவியை எடுத்துக்கொண்டு அலைந்தான். ஒரு சாண் நீளச் சாவி. சட்டைப்பை தாங்காமல் வேட்டி மடிப்பிலும் நிற்காமல் கையிலேயே வைத்திருந்தான். துறைமுகத்தில் டீ கொடுத்தார்கள். கட்டடம் மேட்டில் இருக்கிறது, எங்கள் எல்லை தண்ணீரோடு சரி என்றார்கள். காட்டிலாகாவில் நிற்கிற மரந்தான் தங்களுடையது, அறுத்த மரம் இல்லை என்றார்கள். மராமத்து இலாகாவில் ஒரு வங்காளி அதிகாரி படிவத்தை நிதானமாகப் படித்தார். நல்ல கையெழுத்து என்று மெச்சினார். "கல் ஆனா", நாளைக்கு வா, என்றார். மறுநாள் போனால் அவர் லாங் ஐலண்டுக்கு முகாம் போயிருந்தார். சாவியை மேஜைமேல் வைத்தால்கூட எல்லாரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

புதன் சாயங்காலம் காண்ட்ராக்டர் சொக்கலிங்கம் தானே வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. அவருக்கு பாரக் கூரையைத் தாங்குகிற உத்தரங்கள்மேல் கண்.

"எதுக்கு சார் இந்த நாய்படாத பாடு? உத்தரத்துல கறையான், கட்டடம் விழுந்துடும்னு ஒரு வரி எழுதுங்க. பட்டியல்லேருந்து போயிடும். கட்டடமே இல்லேன்னா பொறுப்பு ஏது? இடிக்கிற வேலையை நான் பார்த்துக்கறேன்."

படாக் தேக்கைவிடக் கெட்டி மரம், அதில் கறையானா என்று ஜெகநாதன் கேட்டான்.

"அது இங்க இருக்கிறவனுக்குத் தெரியும். டெல்லிக்காரன் படாக்கைக் கண்டானா?"

வியாழக்கிழமை அவன் ஏணியும் ஒரு பேனாக்கத்தியும் எடுத்துக்கொண்டு பாரக்குக்குப் போனான். பக்கத்துக் குடிசையில் பிரகாசம் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பாரக் சுவரில் வலை உலர்த்துவான். அதற்கு ஈடாக, கேட்காமலே வாசலைப் பெருக்குவான். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

முப்பத்திரண்டு உத்தரம். மூட்டுக்கு மூட்டு உளியால் வெட்டிய கோடுகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. எதோடு எது சேரும் என்பதற்குத் தச்சுக்கைதிகள் போட்ட அடையாளம். சுவரில் பதிகிற முனையில்தான் மரம் முதலில் இற்றுப்போகும். ஜெகநாதன் ஒவ்வொரு முனையிலும் கத்தியைக் குத்திப் பார்த்தான். ஒரே ஒரு இடத்தில் இறங்கினால் போதும். ஒரு பொய்யை ஊன்றிக்கொள்ள அது போதும். கத்தி எங்கும் இறங்கவில்லை. இருபத்தேழாவதில் முனை ஒடிந்தது. மிச்சத்தை ஒடிந்த கத்தியால் குத்தினான்.

"இரும்பு சார். ஒண்ணுகூடக் கெடல" என்றான் பிரகாசம், தான் செய்துவைத்த மரம்போல.

அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்து ஜெகநாதன் எழுதினான். உத்தரங்களில் கறையான் கண்டிருக்கிறது. கட்டடம் நிற்கத் தகுதியற்றது. பட்டியலிலிருந்து நீக்கலாம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தான். அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பழனிசாமி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். புத்தி வந்துவிட்டது என்றார். தகர அலமாரியைத் திறந்து பன்னிரண்டாம் கட்டடத்தின் கோப்பை எடுத்தார். காகிதத்தைக் கோக்க வேண்டிய இடத்துக்காகப் புரட்டினார். புரட்டினவர் நின்றார்.

முந்தின பக்கம் ஜெகநாதன் எழுதியது. படிவத்தோடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தான். யாரும் கேட்கவில்லை. வந்த புதிதில், ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினான், எழுதியதை மறந்தும் போயிருந்தான். பழனிசாமி வாய்விட்டுப் படித்தார்.

"உத்தரங்கள் முப்பத்திரண்டும் படாக் மரம். இந்த மரத்தைக் கறையான் தொடாது. நமக்குப் பிறகும் இந்தக் கட்டடம் நிற்கும்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோட நகல் டெல்லில இருக்கு. இங்க பக்கத்துக்கெல்லாம் எண் போட்டாச்சு. கிழிக்கவும் முடியாது. நம்ம ஆபீஸ் துரை இதையும் படிப்பார், அதையும் படிப்பார். எது பொய்னு விளக்கம் கேப்பார். விளக்கம் முடியற வரைக்கும் உங்களை விடமாட்டாங்க. அப்புறம் வேலை இருக்குமாங்கறதே சந்தேகம்." கோப்பை மூடிவைத்தார். "என்னத்துக்குத் தம்பி இவ்வளவு நல்லா எழுதினீங்க?"

ஜெகநாதன் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான். நாலாக மடித்தான். ஏழாவது பத்தியில் பெயரை மாற்றித் தரும்படி டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் பழனிசாமி. எழுதினான். அது சனிக்கிழமைக் கப்பலில் போகும். கேள்வி கேட்காமல் இருந்தால் ஆறு மாதத்தில் பதில் வரும்.

சனிக்கிழமை அறையில் அவன் கட்டிலுக்கு மேல் ஓவர்சியரின் கொசுவலை தொங்கியது. அவர் மரியாதையாக எழுந்து நின்றார். வேறு கட்டில் இல்லை. ஜெகநாதன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாரக்குக்கு வந்தான். பிரகாசமும் அவன் மனைவி கிளாராவும் ஒரு மூலையைக் கூட்டிப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். குடத்தில் தண்ணீர் வைத்தார்கள்.

இரண்டு மணிக்குக் கப்பல் ஊதியது. மேட்டிலிருந்து முழுசாகத் தெரிந்தது. மேல்தட்டில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

"அந்தக் கப்பல்லதான சார் போறதா இருந்திய?" என்றான் பிரகாசம்.

ஜெகநாதன் தலையாட்டினான்.

"அடுத்தது எப்ப?"

"கையெழுத்துப் போட ஆள் கிடைச்சதும்."

நாலு மணிக்கு மேல் மழை பிடித்தது. கடல்காற்று கதவைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஜெகநாதன் சாத்தினான். திறந்துகொண்டது. பெட்டியை முட்டுக் கொடுத்தான். பெட்டியையும் தள்ளிக்கொண்டு திறந்தது. தாழ்ப்பாளைத் தேடிக் கதவை மேலிருந்து கீழாகத் தடவினான்.

பிரகாசம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"உள்ள தாப்பா கெடையாது சார். கைதிக்கு எதுக்குன்னு வைக்கவே இல்ல. வெளிய பூட்டினாத்தான் நிக்கும்."

ஜெகநாதனின் படிவத்தில் கதவைப் பற்றி ஒரு வரி இருந்தது. இரட்டைக் கதவு, ஒன்பதடி உயரம், நல்ல நிலையில் உள்ளது. தாழ்ப்பாளை அவன் கவனித்திருக்கவில்லை.

மழை பாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பூட்டுங்க" என்றான் ஜெகநாதன்.

"விடிய கடலுக்குப் போவேன். போகும்போது தெறந்துவிட்டுட்டுப் போறேன்."

ஜெகநாதன் சாவியை நீட்டினான். பிரகாசம் யோசிக்காமல் கை நீட்டி வாங்கிக்கொண்டான். அந்த ஊரில் அதை வாங்கிய முதல் ஆள் அவன். அவனுடைய கையெழுத்து எங்கேயும் செல்லாது.

பிரகாசம் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். பூட்டுக்குள் சாவி சிக்கி, பின்னே வந்து, மறுபடி போய், இரண்டு முறை திரும்பியது. அடிப்பது நின்றது.