ஒரே பக்கம் பார்த்த கிளிகள்

என் மனைவி சிவப்ரியாவுக்கும் அவள் அண்ணன் நீலகண்டனுக்கும் பேச்சு நின்றுபோனபோது, அந்த வீட்டு மாப்பிள்ளையாக நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கோட்டுச்சேரியிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு பூவத்துக்குப் போய், "மச்சான், நீங்க செஞ்சது சரியில்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய தைரியம் கையிருப்பில் இல்லாததால் உளியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நீலகண்டன் பூவத்தில் புது வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை குடிபுகுதல். அவர்கள் குடும்பத்தில் கூடப்பிறந்தவள்தான் புது வீட்டில் முதல் பால் காய்ச்ச வேண்டும். அவளைத் தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். இவளுக்கு வந்த அழைப்போ வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே 'ஃபார்வேர்டட்' என்று வேறு போட்டிருந்தது.

"யாருக்கோ அனுப்புனத எனக்கும் தள்ளிவுட்டுருக்காரு. நான் போவல. பால் காய்ச்ச மில்க் குக்கர் போதும், நான் எதுக்கு?"

நான் பலகை வாங்க மரவாடிக்குப் போனேன். வாசல் நிலைக்கு மேலே மாட்ட, எதிரெதிரே பார்த்துக் கொஞ்சுகிற இரண்டு மரக்கிளிகள். அதைக் கொடுக்கிற சாக்கில் இவளையும் கூட்டிப்போய்விடலாம் என்பது என் திட்டம். என் திறமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் குமாஸ்தா, செல்போன் பார்த்துச் செதுக்கக் கற்றவன். முன்பு ஒரு யானை செய்தேன். வீட்டுக்கு வந்தவர் காபி குடித்துவிட்டு டம்ளரை அதன் முதுகில் வைத்துவிட்டுப் போனார்.

மரவாடி கபீர் பாய் நன்றாகக் காய்ந்த பூவரசம் பலகைகள் இரண்டை எடுத்துவைத்தார்.

"என்ன செய்யப் போறீங்க, சிவநாதன் சார்?"

"கிளி, பாய்."

பாய் அந்தப் பலகைகளை ஒருமுறை பரிதாபமாகத் தடவிக்கொடுத்தார்.

காகிதத்தில் ஒரு கிளியை வரைந்து, கார்பன் தாள் வைத்து இரண்டு பலகையிலும் பதித்தேன். நகல் எடுத்தே பழகிய கை. ஒரு கோடு பிசகவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் கொல்லையில் உட்கார்ந்து தட்டினேன். சீவல் பறந்தது. சிறகுக்குச் சின்ன உளி, கண்ணுக்கு அதைவிடச் சின்னது, என் கட்டைவிரலுக்கு எது கிடைத்ததோ அது. இரண்டாவது கிளிக்கு வருவதற்குள் முதலாவதை சிவப்ரியா மடியில் போட்டுக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

"கிளி மேல எனக்கென்ன கோவம்?" என்றாள், நான் கேட்காமலே. கிளி மூக்கின் வளைவை, தாளை விரலில் சுற்றி அவள் தேய்த்த பக்குவத்தைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பூவத்தில் பால் பொங்கிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை லீவு போட்டு வார்னிஷ் அடித்து, காய்வதற்காக முதன்முறையாக இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன்.

இரண்டும் வலப்பக்கம் பார்த்தன. ஒன்றுக்குப் படத்தைத் திருப்பிப் போட்டு வரைந்திருக்க வேண்டும். பின்னால் நின்ற கிளி ஏக்கத்தோடு முன்னால் நின்றதன் முதுகைப் பார்த்தது. முன்னால் நின்றது ஏதோ அவசர வேலையாகப் போய்க்கொண்டிருந்தது. இடம் மாற்றி மாட்டினேன்; ஏக்கம்தான் இடம் மாறியது. திருப்பி மாட்டலாமென்றால் பின்பக்கம் வெறும் பலகை.

சிவப்ரியா வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னங்க, ரெண்டும் பஸ்ஸுக்கு நிக்கிதுங்களா?" பிறகு சிரிப்பு நின்றது. "முன்னாடி நிக்கிறது எங்கண்ணன்" என்றாள்.

"அப்ப பின்னாடி?" என்று கேட்டேன். அந்த அளவுக்கு முட்டாள் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கு மேல் உளியால் ஆகாது. கிளிகளைப் படம் எடுத்துக்கொண்டு, வார்னிஷ் கையோடு பூவத்துக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். மச்சானைப் பார்த்ததும் வாயில் வந்தது, "மச்சான், கிளி தப்பாப் போச்சு" என்பதுதான்.

"எந்தக் கிளி?"

படத்தைக் காட்டினேன். "என்ன மாப்ள இது, ஒண்ணு பின்னாடி ஒண்ணு போவுது!" என்று சிரித்தார்.

"முன்னாடி போறது நீங்களாம். பிரியா சொன்னா."

சிரிப்பு நின்றது. அண்ணனுக்கும் தங்கைக்கும் அது ஒரே மாதிரிதான் நிற்கிறது.

"நேர்ல வந்து அழைக்கலன்னு நெனைக்கிறாளா? நம்ம பிரியாதானேன்னு இருந்துட்டேன் மாப்ள."

"நம்ம பிரியாதான் மச்சான். அதனாலதான்."

அன்று சாயங்காலமே தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமத்தோடு வந்து நின்றார். "வாங்க" என்றாள் சிவப்ரியா, ஏதோ கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொல்வதுபோல. "எல்லாருக்கும் தட்டு வச்சு முடிச்சாச்சா?"

"ஒனக்குத்தான் தட்டு மொதல்ல."

"பொய்." ஆனால் தட்டை வாங்கிக்கொண்டாள்.

அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் சுவர்ப்பக்கம் போய், முன்னால் நின்ற கிளியின் வாலைத் தொட்டார்.

"ஐயோ, தொடாதீங்கண்ணே, இன்னும் காயல!"

வாலில் அவருடைய கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்துவிட்டது. நான் உப்புத்தாளைத் தேடினேன்.

"வுடுங்க, அது இருக்கட்டும்" என்று என்னை அடக்கிவிட்டு, அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பால் எத்தன லிட்டரு சொல்லியிருக்கீங்க? பொங்கி வழியணும். கஞ்சத்தனமா வாங்கிடாதீங்க."