தூக்குவாளியில் இருந்த பெயர்

எங்கள் ஊர்ப் பூங்காவில் நடக்கிறவர்கள் கையில் தூக்குவாளியோடுதான் நடக்க வேண்டும். கரைகிற கொழுப்பு அதில் சேரும். திரும்பும்போது வாசலில் சுடலைமுத்து எடை பார்ப்பான். எட்டு வாரம் கழித்து வாளியில் வெட்டியிருக்கும் பெயரைப் படித்து, அந்தப் பெயருக்கு அத்தனை கிலோ குறைந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதன் பிறகுதான் குறைந்தது நிலைக்கும். பூங்காவுக்குள் வந்த, பெயர் வெட்டிய சாமான் எதையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பூங்கா அலமாரியில்தான் இருக்க வேண்டும். இவை எல்லோருக்கும் தெரிந்த சட்டங்கள். நான் இவற்றைக் குறை சொல்ல வரவில்லை.

நான் குறை சொல்வது அந்த மாத்திரையை.

பதினோரு வருடமாக என் கால் நகத்தை நான் எட்டிப் பிடித்ததில்லை. நடுவில் வயிறு. என் மனைவிக்குக் கண் சரியில்லை. ஒருமுறை நகத்தோடு கொஞ்சம் விரலையும் எடுத்துவிட்டாள். அதிலிருந்து அவள் தம்பி குற்றாலலிங்கம்தான் வெட்டுகிறான். வெட்டட்டும். வாயை மூடிக்கொண்டு வெட்ட மாட்டான். “அத்தான், இந்தக் கட்டைவிரல் அப்படியே உங்க அப்பா. சொன்ன பேச்சு கேக்காது” என்பான். என் காலை அவன் மடியில் வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது?

அதனால் நடக்க ஆரம்பித்தேன்.

சித்திரையில் ஒரு மருந்துக் கம்பெனி வந்தது. நெல்லி, கடுக்காய், மாதுளந்தோல் சேர்த்த மாத்திரை. உடம்பு துருப்பிடிக்காமல் காக்குமாம். நடையோடு சேர்ந்தால் கொழுப்பு இரண்டு மடங்கு கரையுமாம். சோதித்துப் பார்க்கிறோம் என்றார்கள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் தவிடு. யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருந்தது. நான் சேர்ந்தேன். குற்றாலலிங்கமும் சேர்ந்தான்.

நான் காலையில் பன்னிரண்டு சுற்று, மாலையில் எட்டு. அவன் முதல் நாள் புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன் எட்டு வாரமும் அங்கேயே இருந்தான். அவன் வாளியில் முறுக்கு இருந்தது.

ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, நானே குனிந்து பத்து நகத்தையும் வெட்டினேன். யாரும் எதுவும் பேசவில்லை. அது ஒரு நல்ல நாள்.

எட்டாவது வார முடிவில் கம்பெனி அம்மாள் மேசை போட்டு உட்கார்ந்து கவரைப் பிரித்தாள். எனக்குத் தவிடு. அவனுக்கு மாத்திரை. பிறகு என் வாளியைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

“மு. குற்றாலலிங்கம், அன்பளிப்பு. நாலு கிலோ முந்நூறு.”

“அது என் வீட்டுப் பால்காய்ப்புக்கு அவன் கொடுத்த வாளி” என்றேன். எந்த வீட்டில்தான் சொந்தப் பெயர் வெட்டிய பாத்திரம் இருக்கிறது? அவரவர் வாங்கிக் கொடுத்தது அடுத்தவன் வீட்டில் இருக்கும்.

“பேரு யாருதுங்க ஐயா?”

“அவனுது.”

“மாத்திரை சாப்பிட்டது?”

“அவன்.”

“அப்போ எல்லாம் சரியாத்தானே இருக்கு.”

“நடந்தது நான்.”

“நடை ரெண்டு பேருக்கும் பொது ஐயா. அதை நாங்க பாக்க மாட்டோம். நாங்க சோதிக்கறது மாத்திரையை.”

கையெழுத்துப் போட்டாள். நான் தெருமுனை டீக்கடைக்குப் போவதற்குள் வயிறு திரும்பி வந்துவிட்டது. சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று. டீக்கடைக்காரர் பொத்தான்களைப் பொறுக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் குற்றாலலிங்கம் என் வீட்டுக்கு வந்தான். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் எதிரில் உட்கார்ந்து, என் நகவெட்டியை எடுத்து, குனிந்து, தன் நகத்தைத் தானே வெட்டினான்.

“மூலிகைன்னா மூலிகைதான் அத்தான்.”

“நீ எட்டு வாரம் உட்கார்ந்திருந்தாய்.”

“ஆமா. ஓடியாடினா மருந்து உடம்புல நிக்காதுல்லா?”

மனதறிந்து பொய் சொல்கிறவன் இல்லை அவன். அப்படியே நம்பினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் பிறகு அவனுக்கு என் நகத்தை வெட்ட நேரம் இல்லை. மாத்திரையின் மகிமையைப் பற்றிப் பேச ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். அடிக்கு ஒரு தரம் என் கட்டைவிரல் நகம் வேட்டிக் கரையில் மாட்டியது. மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் வாளியைச் சுடலைமுத்துவிடம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டும் பீர்முகம்மதுவிடம் போனேன்.

“இந்தப் பெயரை அழி.”

“அழிக்கிற மிஷின் நம்மகிட்ட இல்ல அண்ணாச்சி. வெட்டத்தான் தெரியும். அன்பளிப்புக்கு மேல வேற பேரு வெட்டினா நல்லாவும் இருக்காது.”

அதுவும் நியாயம்தான். யோசித்தேன். நடந்தது வாளி இல்லையே.

“அப்படியானால் என் பெயரை என் காலில் வெட்டு.”

அவர் என் வலது காலைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“இனிஷியல் போடணுமா?”

“போடு.”

“தேதி?”

“வேண்டாம். என் கால் எனக்கு அன்பளிப்பு இல்லை.”

இரண்டு காலிலும், கணுக்காலுக்கு மேல், புள்ளி எழுத்துகளில் வெட்டினார். கொஞ்சம் கூசியது. இடது காலில் ‘சண்முகவேலாயுதம்’ இடம் பற்றாமல் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் பூங்கா வாசலில் வேட்டியைத் தூக்கிக் காட்டினேன். சுடலைமுத்து குனிந்து இரண்டையும் முழுக்கப் படித்தான்.

“நல்லா வெட்டியிருக்காரு” என்றான். பிறகு கால்களை வாங்கி எடை பார்த்து, அலமாரியின் மூன்றாவது தட்டில் வைத்துவிட்டு டோக்கன் கொடுத்தான். பெயர் வெட்டிய சாமான். சட்டம் சட்டம்தான். அவனிடம் நான் சண்டை போடவில்லை.

மூன்றாவது தட்டு சரியாக என் முகத்துக்கு நேரே இருக்கிறது. குனிய வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் பதினோரு மணிக்குப் போய் நின்றபடியே நகம் வெட்டிவிட்டு வருகிறேன். வயிறு இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

போய்வர குற்றாலலிங்கத்தின் கால்களை இரவல் வாங்கிக்கொள்கிறேன். கூட்டங்களில் அவனுக்கு நாற்காலி போட்டுவிடுகிறார்கள். அவை நடந்து பழகாத கால்கள். புங்கமரத்தடி பெஞ்சைக் கண்டால் உட்கார்ந்துவிடுகின்றன. அவை எழுந்திருக்கும்வரை நானும் அங்கேயே இருக்கிறேன்.